பத்தாவது அறிவியலுக்கு இணையத்தில் எங்கே தேடுவது?

வியாசர்பாடியோ திருவொற்றியூரோ, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அறிவியல் புரியவில்லை என்றால் டியூஷனுக்குக் காசு கட்டும் முன்னால் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள க்யூஆர் கோடை தீக்ஷா செயலியில் ஸ்கேன் பண்ணலாம். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் தமிழிலேயே இருக்கின்றன. தேடும்போது வகுப்பையும் பாடத்தின் பெயரையும் தமிழில் அடியுங்கள், இல்லாவிட்டால் வேறு பாடத்திட்டம் வந்து பிள்ளையைக் குழப்பும்.

மின்சுற்று மாதிரி, செய்து பார்த்தால்தான் பிடிபடும் பாடங்களுக்கு திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) இணையதளம்தான் என் முதல் தேர்வு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம், பல சோதனைகள் தமிழிலும் உண்டு. மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் குறைவதைப் பிள்ளை தானே மாற்றிமாற்றிப் பார்க்கலாம், ஷாக் அடிக்கும் பயமில்லை. அப்புறம், வீடியோவை நடுநடுவே நிறுத்தி, படத்தை நோட்டில் வரையச் சொல்லுங்கள். வெறுமனே பார்ப்பது பரீட்சையில் கைகொடுக்காது.