முதலாளியின் மேஜையில் வேலை தேங்காமல் இருக்க: புது இ.ஏ.வுக்கு முதல் 90 நாள்

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்டாக (சுருக்கமாக இ.ஏ.) நான் சேர்ந்தபோது அங்கே 60 பேர் வேலை செய்தார்கள். 60 பேருடைய கேள்வியும் கம்பெனியை ஆரம்பித்த ஒரே ஆளிடம் போய் நின்றது. டூல் வாங்கலாமா, லீவு கொடுக்கலாமா, கொட்டேஷனில் எத்தனை சதவீதம் குறைக்கலாம், கேன்டீன் கிரைண்டர் ஓடவில்லை, எல்லாமே சாரிடம்தான். காலை ஏழரைக்கு வந்து இரவு ஒன்பதுக்குக் கிளம்புவார். கிளம்பும்போதும் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். புது சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) வாங்கும் முடிவு ஐந்து மாதமாக அவர் மேஜையில் கிடந்தது. ஆர்டர் இருந்தது, வங்கியும் கடன் தரத் தயார். உட்கார்ந்து யோசிக்க இரண்டு மணி நேரம்தான் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தை உண்டாக்கித் தருவதுதான் இ.ஏ.வின் வேலை. டிக்கெட் போடுவது, மெயில் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். கம்பெனி சின்னதாக இருக்கும்போது இதற்கெல்லாம் ஆள் எதற்கு என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரத்தில் ஒரு டஜன் பேரோடு இருந்த காலத்திலேயே மிரியம் லூபோ என்பவர் அதன் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டார். 1978-இல் எடுத்த அந்தப் பிரபலமான குழுப் படத்தில் அவர் இல்லை, பனிப்புயலால் அன்று வர முடியவில்லை. 2008-இல் பில் கேட்ஸ் அன்றாடப் பணியிலிருந்து விலகும் முன் அதே படத்தைத் திரும்ப எடுத்தபோது அவரையும் உட்காரவைத்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது படம் மிகவும் பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: இரண்டு வாரம் பாருங்கள், எழுதுங்கள்

சேர்ந்தவுடன் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: யார் வந்தார், எதற்கு வந்தார், எத்தனை நிமிடம் ஆனது, கடைசியில் என்ன பதில் கிடைத்தது. நேரில் வருவது, போன், வாட்ஸ்அப், மெயில் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். வாட்ஸ்அப்பை மட்டும் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் நம் ஊர் கம்பெனிகளில் பாதி முடிவு அங்கேதான் நடக்கிறது.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒரே கேள்வி ஒன்பது முறை வந்திருக்கும். எங்கள் கம்பெனியில் அது "இந்த பில்லுக்குப் பணம் கொடுக்கலாமா?" என்பது. கேட்டவர் அக்கவுன்ட்ஸில் 12 வருட அனுபவம் உள்ளவர், பதில் அவருக்கே தெரியும். கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பழகிவிட்டது, அவ்வளவுதான்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

நோட்டில் உள்ள ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள். முதலாவது, நிறுவனர் மட்டுமே முடிவெடுக்க வேண்டியது: விலை, பெரிய கடன், மூத்த ஆட்களைச் சேர்ப்பது, புது வாடிக்கையாளர். இரண்டாவது, அவர் ஒருமுறை விதி சொல்லிவிட்டால் மற்றவர்கள் நடத்திக்கொள்ளக் கூடியது. மூன்றாவது, அவரிடம் வரவே தேவையில்லாதது.

இரண்டாவது கூடைதான் பெரியது. அந்தப் பட்டியலோடு அவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். "சார், 5,000 ரூபாய் வரைக்கும் கன்சூமபிள்ஸ் வாங்குவதை பர்ச்சேஸ் அண்ணாவே முடிவு பண்ணலாங்களா?" (எண்ணெய், கையுறை மாதிரி தீர்ந்துபோகும் பொருள்கள்தான் கன்சூமபிள்ஸ்) என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்லும் தொகையை, நிபந்தனையை அவர் வார்த்தையிலேயே எழுதி, அவர் பெயரில் மெயிலாகப் போகச் செய்யுங்கள். விதி அவருடையது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். புதிதாக வந்த நீங்கள் போட்டது என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

இதோடு ஒரு எச்சரிக்கை. "சார் சொன்னார்" என்ற சொல்லை அவர் உண்மையிலேயே சொன்னபோது மட்டும் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு ஒருமுறை சும்மா சொன்னாலும், அது தெரியவரும் நாளில் உங்கள் பேச்சுக்கு இருந்த மதிப்பு முழுவதும் போய்விடும்.

படி 3: காலண்டரைக் கையில் எடுங்கள்

பாஸ்வேர்டு வாங்காதீர்கள். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் டெலிகேட் வசதி இருக்கிறது. அதன் வழியாக அவர் உங்களுக்கு அனுமதி கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்தே அவருடைய மெயிலைப் பார்க்கலாம், பதில் எழுதலாம். காலண்டரையும் திருத்தும் அனுமதியோடு பகிரச் சொல்லுங்கள்.

முதலில் காலியாக வைக்க வேண்டிய நேரத்தைக் குறியுங்கள், கூட்டங்களெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் சாருக்குச் செவ்வாய், வியாழன் காலை 8 முதல் 10 வரை என்று வைத்தோம். அந்த நேரத்தில் போன் என்னிடம் இருக்கும். முதல் வாரம் அவரே இரண்டு முறை எழுந்து வெளியே வந்துவிட்டார். மூன்றாவது வாரம் அந்த மெஷின் ஃபைலைத் திறந்தார். ஷாப் ஃப்ளோரில் அவர் தினமும் ஒரு சுற்று நடப்பதை மட்டும் தொடவில்லை. ஆட்கள் அவரை நேரில் பார்த்துப் பேசும் அந்த 20 நிமிடத்தை வெட்டியிருந்தால் பெரிய தப்பு செய்திருப்பேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் இன்னொன்று. ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே தள்ளுவார்கள். குளிர்காலத்தில் நாம் நாலரை மணி நேரம் முன்னால் இருப்போம், கோடையில் மூன்றரை. நான் ஒரு வாராந்தர அழைப்பை மதியம் 2:30 என்று டைரியில் எழுதிவைத்து அதையே நம்பியிருந்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்கள் 1:30-க்கே வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். சார் என்னைத் திட்டவில்லை, மன்னிப்பு மெயிலை அவரே எழுதினார். அன்றிலிருந்து வெளிநாட்டு அழைப்பு எல்லாவற்றையும் அந்த நாட்டு நேரத்திலேயே காலண்டரில் பதிகிறேன். மாற்றத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

படி 4: சொன்ன சொல்லுக்கு ஒரு நோட்டு

இந்தத் தொழிலில் ஒன்றே ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நிறுவனர்கள் நாள் முழுவதும் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நடந்துகொண்டே ஒரு ஃபிட்டரிடம் "அடுத்த மாசம் உன் சம்பளத்தைப் பார்க்கிறேன்" என்பார். கல்யாண வீட்டில் ஒரு டீலரிடம் "திங்கள்கிழமை ரேட் அனுப்பறேன்" என்பார். காரில் ஏறும்போது வங்கி மேலாளரிடம் "ஸ்டாக் ஸ்டேட்மென்ட் நாளைக்கு வந்துடும்" என்பார். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்டவர் மறக்கமாட்டார். கம்பெனியின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது இப்படித்தான்.

ஒரு எக்ஸெல் ஷீட் போதும். என்ன, யார் செய்ய வேண்டும், யாருக்குச் சொன்னது, எந்தத் தேதி, இப்போது எங்கே நிற்கிறது என்று ஐந்தே கட்டம். அவர் கொடுத்த வாக்கும் இதில் வரும், அவருக்கு மற்றவர்கள் கொடுத்த வாக்கும் வரும். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசி மூன்று நிமிடத்தில் "யார், என்ன, எப்போது" என்று வாய்விட்டுப் படியுங்கள். அப்போதே இரண்டு பேர் "நான் அப்படிச் சொல்லலையே" என்பார்கள். அங்கேயே திருத்திக்கொண்டால் பிரச்சினை பத்து நாள் கழித்து வெடிக்காது. வெளியே போய்விட்டு வந்தால் காரிலிருந்து இறங்கும் முன், "சார், இன்னிக்கு யாருக்காவது ஏதாவது சொன்னீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஃபாலோ அப் செய்வதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் என் அப்பா வயதுக்காரர். "வேலை முடிஞ்சுதா?" என்று நான் கேட்டால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அவர் இடத்துக்கே போய், "அண்ணா, வெள்ளிக்கிழமை சார் இதைக் கேட்பாருங்க, நான் என்னன்னு சொல்லட்டும்?" என்பேன். முடியவில்லை என்றால் காரணத்தை அவரே சொல்வார். பெரும்பாலும் ஏதோ ஒரு மெட்டீரியல் வந்திருக்காது. அதை நான் பர்ச்சேஸில் கேட்டு முடித்துக்கொடுப்பேன். நாலு முறை இப்படி நடந்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டு "இது இந்த வாரம் ஆகாது, சார்கிட்ட முன்னாடியே சொல்லிடும்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கெட்ட செய்தி சாரிடம் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. கெட்ட செய்தி முன்கூட்டித் தெரிகிற முதலாளியால்தான் நிதானமாக முடிவெடுக்க முடியும்.

சனிக்கிழமை அரை மணி நேரம் அந்த ஷீட்டைச் சாரோடு உட்கார்ந்து பாருங்கள். செய்ய முடியாத வாக்கு இருந்தால், முடியாது என்று அவர்களுக்குச் சொல்லிவிடச் சொல்லுங்கள். கேட்டவருக்கு அதுவே ஒரு மரியாதை.

படி 5: தேதிகள்

இது சுருக்கமானது. மாதா மாதம் 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கும் வருமான வரி) கட்ட வேண்டும் (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). 11-இல் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 15-இல் ஊழியர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-இல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி (ஜி.எஸ்.டி. கட்டும் சுருக்கக் கணக்கு). காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறிய கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. தேதிகள் வேறு. அட்வான்ஸ் டாக்ஸ் (முன்கூட்டிக் கட்டும் வருமான வரி) ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ஆம் தேதி. இவற்றைச் செய்பவர் ஆடிட்டரும் அக்கவுன்ட்ஸும்தான். உங்கள் பங்கு, கையெழுத்தோ ஓ.டி.பி.யோ தேவைப்படும் நாளில் சார் விமானத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது. வருடத் தொடக்கத்திலேயே ஆடிட்டரிடம் பட்டியல் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று நாள் முன்கூட்டிக் காலண்டரில் போடுங்கள்.

குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமாகி அந்த நிதியாண்டு முடிந்துவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் இதை ஒரு பட்டியலாக அக்கவுன்ட்ஸிடம் கேட்டு வாங்கி சார் முன்னால் வையுங்கள்.

படி 6: ஒரு பக்கக் குறிப்பு

பெரிய முடிவு எதுவானாலும் ஃபைலின் மேல் ஒரே பக்கம் வையுங்கள். என்ன முடிவு வேண்டும், எத்தனை வழிகள், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எந்தத் தேதிக்குள், யார் ஒப்புக்கொள்ளவில்லை, ஏன். கடைசி இரண்டையும் விடாதீர்கள். மெஷின் விஷயத்தில் மெயின்டனன்ஸ் ஆள், "சர்வீஸ் இன்ஜினியர் பெங்களூரிலிருந்துதான் வரணும், அதுக்கே ரெண்டு நாள் போயிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதை எழுதிவைத்தேன். சார் அதைப் படித்துவிட்டு, உள்ளூரில் சர்வீஸ் இருக்கும் வேறு கம்பெனியின் மெஷினை எடுத்தார். உங்கள் சொந்தக் கருத்தை அவர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கேட்காமல் அந்தப் பக்கத்தில் கலக்காதீர்கள்.

படி 7: ரகசியம்

சம்பளம், கடன், யார் வேலையை விடப்போகிறார், முதலாளி வீட்டு விஷயம் எல்லாம் உங்கள் கண்ணில் படும். கேன்டீனில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியம் சாருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஆன்லைனில் அவர் கையெழுத்தைப் போட உதவும், பென்டிரைவ் மாதிரியான கருவி). பல அலுவலகங்களில் அது இ.ஏ.வின் டிராயரில்தான் இருக்கும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது அவர் கையால் போட்ட கையெழுத்துக்குச் சமம். டோக்கனின் பின் (PIN) நம்பரை அவரே வைத்துக்கொள்ளட்டும். எந்த ஆவணத்துக்குப் பயன்படுத்தினாலும் முதலில் ஒரு வரி மெயிலில் அவருடைய சம்மதம் வாங்குங்கள். ஓ.டி.பி.யும் அப்படியே.

படி 8: அவரை ஊருக்கு அனுப்புங்கள்

மூன்றாவது மாத வாக்கில் அவர் ஒரு வாரம் வெளியூர் போகும்படி திட்டமிடுங்கள். எங்களுக்கு ஜெர்மனியில் ஒரு கண்காட்சி வாய்த்தது. ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம் காலி வேண்டும், திரும்பும் தேதிக்கு மேல் மூன்று மாதம் செல்ல வேண்டும். இதையெல்லாம் டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

அவர் போன பிறகு தினமும் மாலை ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்று முடிந்தது, நாளை வருவது, உங்கள் பதில் வேண்டியது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் "எதுவும் இல்லை" என்றே எழுதுங்கள். இடையில் யாராவது அவருக்கு நேரடியாகப் போன் செய்தால் தடுக்க வேண்டாம், யார் எதற்குச் செய்தார் என்று மட்டும் பழைய நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பிய மறுநாள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, படி 2-இல் உட்கார்ந்த அதே அரை மணி நேரத்துக்கு மறுபடியும் அவர் அறைக்குப் போங்கள். எங்கள் நோட்டில் ஒன்பது நாளில் நான்கு அழைப்பு இருந்தது. அதில் மூன்றுக்கு அன்றே விதி எழுதிவிட்டோம்.