மாட்டுக்கு ஐபிஆர் (மூக்கு, மூச்சுக்குழாய தாக்கற தொத்து நோய்) மாதிரி தெரிஞ்சா உடனே என்ன பண்ணணும்

மாடு திடீர்னு தீவனம் எடுக்காம, பால் குறைஞ்சு, மூக்கு ஒழுகிட்டு நின்னா முதல்ல காய்ச்சல் பாருங்க, 40 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்து மூக்குத் துவாரம் உள்ளுக்குள்ள செக்கச்செவேல்னு இருந்தா ஐபிஆரா இருக்கலாம். உடனே தனியா கட்டுங்க, வாளி, தண்ணித்தொட்டி எல்லாம் தனி, மத்த மாடுகள கவனிச்சிட்டு கடைசியாதான் இதுகிட்ட போகணும். டாக்டர வரவச்சு மூக்குல ஸ்வாப் (டெஸ்ட்டுக்கு பஞ்சுக்குச்சியில எடுக்கற சளி) எடுக்கச் சொல்லுங்க. இது ஹெர்பிஸ் வைரஸால வர்றது, அதனால ஆன்டிபயாடிக் இந்த நோய்க்கு வேலை செய்யாது, இதுகூட சேர்ந்து வர்ற நிமோனியாவுக்குத்தான் உதவும்.

மாடு தேறினாலும் வைரஸ் நரம்புக்குள்ள ஆயுசுக்கும் பதுங்கியிருக்கும், கன்னு போடறப்போ, வண்டில ஏத்தறப்போ, ஸ்டீராய்டு ஊசி போட்டா திரும்ப வெளிய வந்து பரவும், அதனால டாக்டர கேக்காம ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். சினை மாட்டுக்கு இந்த நோயால கரு கலையலாம், சில வகை தடுப்பூசியாலயும் அப்படி ஆகலாம், அதனால தடுப்பூசி போட வர்றவங்ககிட்ட எது சினைன்னு கண்டிப்பா சொல்லிடுங்க.