பெருந்தமனிக் காயம்: ஆய்விலும் பாடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்தில் பெருந்தமனி (இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய்) கிழிவது பற்றிய வகுப்பு பெரும்பாலும் "85 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்துவிடுகிறார்கள்" என்றுதான் தொடங்கும். இந்த எண் பார்ம்லி குழு 1958-இல் வெளியிட்ட பிரேதப் பரிசோதனைத் தொகுப்பிலிருந்து வந்தது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். தமனிச் சுவரின் உள் அடுக்கான உட்படலத்தில் சிறு கீறலோடு பிழைத்து வீடு திரும்பியவர் அந்தக் கணக்குக்குள் வரவே முடியாது. இன்று சி.டி. ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த எண்ணைப் பொருத்துவது தவறு.

இன்னொரு தவறு, இந்தக் காயத்தின் நான்கு நிலைகளையும் ஒன்றாகக் கலப்பது. முதல் நிலை உட்படலக் கிழிசல். இரண்டாவது சுவருக்குள் ரத்தக்கட்டு. மூன்றாவது போலி அனியூரிசம், அதாவது கிழிந்த இடத்தில் வெளி அடுக்கு மட்டும் ரத்தத்தைத் தடுத்து நிற்கும் புடைப்பு. நான்காவது முழு உடைப்பு. முதல் நிலை பெரும்பாலும் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டிலும் மறு ஸ்கேனிலுமே ஆறிவிடும். அதையும் நான்காம் நிலையையும் சேர்த்துச் சராசரி இறப்பு விகிதம் போட்டால், அந்த எண் எந்த நோயாளிக்கும் பொருந்தாது.

ஆய்வில் பலரும் வழுக்கி விழுவது காலக் கணக்கில். "24 மணி நேரம் கழித்து ஸ்டென்ட் கிராஃப்ட் (கிழிசலை உள்ளிருந்து மூடும், துணி போர்த்திய வலைக்குழாய்) வைத்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள்" என்று எழுதுகிறோம். அந்தப் பிரிவில் சேரவே 24 மணி நேரம் உயிரோடு இருந்தாக வேண்டுமே! காத்திருக்கும்போது இறந்தவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால், தாமதமே மருந்துபோலத் தெரியும். 24-ஆம் மணியில் உயிரோடு இருப்பவர்களை மட்டும் இரு பிரிவிலும் ஒப்பிடலாம். அல்லது சிகிச்சையைக் காலத்தோடு மாறும் காரணியாக வைத்து, அதாவது ஸ்டென்ட் வைக்கும் வரை ஒருவரைச் சிகிச்சை பெறாதவராகவே எண்ணிக் கணக்கிடலாம். தலைக்காயத்தின் தீவிரத்தையும் தனியே பதிவு செய்யுங்கள். யாரைக் காத்திருக்க வைப்பது என்பதை அதுவும்தான் முடிவு செய்கிறது.

பாடத்துக்கு வருவோம். மார்பு எக்ஸ்ரே சரியாக இருந்தால் காயம் இல்லை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். மல்லாந்து படுத்த நிலையில் எடுத்த படத்தில் மார்பின் நடுப்பகுதி இயல்பாகவே அகலமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சி.டி.யில், இடது கைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இடது சப்கிளேவியன் கிளைக்குச் சற்றுக் கீழே தெரியும் பிறவிப் புடைப்பு, போலி அனியூரிசம் என்று தவறாக வாசிக்கப்படும். பிறவிப் புடைப்பின் ஓரம் வழுவழுப்பாக, விரிகோணத்தில் சுவரோடு சேரும். காயத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கும். உட்படல மடலும் (கிழிந்து தொங்கும் உட்படலத் துண்டு) சுற்றிலும் ரத்தமும் தெரியலாம்.

மருந்தின் வரிசையும் தப்பக்கூடாது. முதலில் எஸ்மலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து), தேவைப்பட்டால் பிறகு ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து. மாற்றிக் கொடுத்தால் இதயம் வேகமெடுத்துக் கிழிசலை இழுக்கும். சிஸ்டாலிக் அழுத்தத்தை (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 120-க்குக் கீழே வைப்பது வழக்கம்தான். ஆனால் மூளைக்காயமும் இருந்தால் 100-110-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது. ரத்தம் இழந்து கொண்டிருப்பவருக்கு இந்த மருந்துகளே ஆபத்து.

ஸ்டென்ட் அளவிலும் இதே கவனம் வேண்டும். ரத்தம் இழந்த இளைஞரின் பெருந்தமனி சுருங்கியிருக்கும். அந்த அளவை அப்படியே நம்பினால் கிராஃப்ட் சிறிதாகப் போய்விடும். தமனியின் விட்டத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் பெரிதாக எடுத்தால் உள்ளே மடிந்து சரியும்.

பின்தொடர் ஸ்கேனுக்கு வராதவரை "நலம்" என்று பதிவதும் தவறு. "தெரியவில்லை" என்று தனிக் கட்டத்தில் குறியுங்கள்.