சாக்கெட்டும் அழிரப்பரும் வைத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது

கட்டிங் பிளேயரையும் ஸ்குரூ ஸ்பானரையும் பியானோ பக்கமே கொண்டு போகாதீர்கள். அத்தை கொடுத்த பழைய அப்ரைட் (கம்பிகள் நின்றவாக்கில் இருக்கும்) பியானோவில் நான் முதலில் செய்த தப்பு அதுதான். கம்பியை முறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பின்னின் தலை மூலை மழுங்கிவிட்டால், அப்புறம் சரியான கருவி கிடைத்தாலும் அது பிடிக்காது.

கம்பி சுற்றியிருக்கும் அந்தப் பின்னின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். தலை சதுரம், அதுவும் நுனியை நோக்கிக் கொஞ்சம் ஒடுங்கிப் போகும். இதற்கென்று விற்கும் லிவரின் வாய் எட்டு முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும். எட்டு முனை என்பது ஒன்றன் மேல் ஒன்று திருப்பி வைத்த இரண்டு சதுரங்கள்தான். அதனால் 45 டிகிரிக்கு ஒரு தடவை அது சதுரத் தலையைச் சரியாகக் கவ்வும். நட்டின் மேல் கவிழ்த்துத் திருகும் சாதாரண சாக்கெட் செட்டில் இருப்பது ஆறு முனை அல்லது பன்னிரண்டு முனை, இரண்டுமே அறுகோண நட்டுக்கானவை. பன்னிரண்டு முனை ஒப்புக்கு உட்காரும், ஆனால் மூலையைத்தான் கடிக்கும். லிவருக்குப் பதிலாக எட்டு முனை சாக்கெட்டாகவே தேடி வாங்குங்கள். எனக்குப் பொருந்தியது கால் அங்குலம். உங்கள் பின்னை வெர்னியரில் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாக்கெட் பின்தலையின் நடுப்பகுதியில் இறுகி நிற்க வேண்டும். நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கவும் கூடாது, கீழே கம்பிச் சுற்றில் இடிக்கவும் கூடாது.

அடுத்தது கைப்பிடி. ரேச்சட் (உள்ளே பற்சக்கரம் வைத்த கைப்பிடி) இருக்கிறதே, டக்கு டக்கென்று திருப்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கணக்கைப் பாருங்கள்: நடுப்பகுதிக் கம்பி ஒன்றில் பின்னை ஒரு டிகிரி திருப்பினாலே சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் (அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு உள்ள இடைவெளியில்) ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். 72 பல் ரேச்சட்டில் பல்லுக்குப் பல் 5 டிகிரி. உள்ளே இருக்கும் ஆட்டம் வேறு. கை நகர்ந்ததா, பின் நகர்ந்ததா என்றே தெரியாது. எனவே ரேச்சட் இல்லாத T வடிவக் கைப்பிடி, அதுவும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில், வளையாத தடித்த கம்பியாக இருக்கட்டும். பின்னிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கைப்பிடி நுனி 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் பின் ஏறத்தாழ ஒரு டிகிரி திரும்பும். கடைசி நேரத்தில் நமக்குத் தேவைப்படுவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கைப்பிடிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் ஆட்டத்தைப் போக்க நான் மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்துச் செருகினேன். வெல்டிங் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கம்பியை ஒலிக்காமல் அடக்கும் ஆப்பு வேறு வேண்டும். 88 கட்டைக்குச் சுமார் 230 கம்பிகள். கீழ்க்கோடியில் கட்டைக்கு ஒரு கம்பி, பிறகு இரண்டு, அதற்கு மேல் மூன்று. மூன்றும் சேர்ந்து ஒலித்தால் எதைத் திருத்துவது? நீளமான அழிரப்பரைச் சாய்வாக வெட்டினால் ஆப்பு தயார். அப்ரைட்டில் சுத்தியல்களுக்கு நடுவே விரல் போகாது, அதனால் ஆப்பைப் பின்னல் ஊசியின் முனையில் ஒட்டிக்கொண்டேன். நடுப்பகுதிக்கு நீளமான ஃபெல்ட் பட்டையைக் கம்பிக் கூட்டங்களுக்கு இடையில் ஸ்குரூடிரைவரால் அமுக்கி விட்டால் நடுக்கம்பி மட்டும் ஒலிக்கும்.

இனி வேலை. நடு சி (C) சுரத்துக்கு மேலுள்ள ஏ (A) சுரம் 440 ஹெர்ட்ஸ். போன் செயலியை வைத்து அதையும், அதைச் சுற்றி ஒரு ஸ்தாயியையும் நடுக்கம்பிகளில் மட்டும் சேருங்கள். மற்ற ஸ்தாயிகளைக் காதால் ஒப்பிட்டுச் சேர்ப்பதே என் வழக்கம். பியானோக் கம்பி விறைப்பானது, அடிச்சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மேலொலிகள் கணக்குப்படி வர வேண்டியதை விடச் சற்று உயர்ந்தே ஒலிக்கும். சாதாரணச் செயலி காட்டும் எண்ணையே கடைசி வரை நம்பினால் இரு கோடிகளும் காதுக்கு உறுத்தும்.

பிறகு ஆப்பை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கம்பியை நடுக்கம்பியோடு சேருங்கள். கட்டையைத் தட்டினால் "வவ் வவ் வவ்" என்று ஓர் அலை கேட்கும். இரண்டுக்கும் நொடிக்கு ஓர் அதிர்வு வித்தியாசம் என்றால் நொடிக்கு ஓர் அலை. மெல்ல ஏற்றும்போது அது "வவ்... வ்வ்வ்..." என்று நீண்டு, ஒரு கட்டத்தில் ஒரே கம்பி ஒலிப்பது போல் அடங்கும். அங்கேயே கையை எடுத்துவிடாதீர்கள். மரத்துக்குள் பின் திரும்பும் முன்பே அதன் உடல் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது, கையை விட்டதும் அது திரும்பி வரும். ஒரு மயிரிழை மேலே ஏற்றி, கட்டையைப் பலமாகத் தட்டிக்கொண்டே கீழே இறக்கி நிறுத்துங்கள். அப்ரைட்டில் கைப்பிடி மணி பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே நிற்கட்டும், பக்கவாட்டில் சாய்த்தால் பின் குழியைத் தேய்க்கும்.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு டி (D) சுரத்தைத் திருத்துகிறேன், சுருதி அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பினேன். 'டங்' என்று பக்கத்து டி-ஷார்ப் கம்பி அறுந்து முகத்துக்கு அருகே பாய்ந்தது. தப்பான பின்னில் சாக்கெட்டை மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கம்பியிலும் 70, 80 கிலோ இழுவிசை இருக்கும். இப்போதெல்லாம் கம்பியை விரலால் தொட்டு, அதே விரலைப் பின்வரை கொண்டுபோய், அப்புறம்தான் சாக்கெட்டை வைக்கிறேன், கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன். துருப்பிடித்த கம்பியை ஏற்றுவதற்கு முன் ஒரு துளி இறக்கினால் ஒட்டியிருக்கும் துரு விட்டுக்கொடுக்கும்.

மொத்தப் பியானோவும் அரைச்சுரம் இறங்கியிருந்தால் முதல் சுற்றில் துல்லியம் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற மறுபக்கம் இறங்கும். சுமாராக ஒரு சுற்று ஏற்றிவிட்டு, சில நாள் கழித்துச் சரியாக ஒரு சுற்று.

பின் வழுக்கிக்கொண்டு திரும்பினால் மரம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு இன்னும் தடித்த பின் அடிக்க வேண்டும், இந்தக் கருவியால் ஆகாது. என் பியானோவில் அப்படி மூன்று பின்கள் இருக்கின்றன. வாசிக்க உட்காருவதற்கு முன் அந்த மூன்றை மட்டும் ஏற்றிக்கொள்கிறேன். சாக்கெட் பியானோவின் மூடி மேலேயே கிடக்கிறது.