கண்காட்சி மாடுகளுக்குப் பொலிகாளையைத் தேர்வதும் கன்றை மதிப்பிடுவதும்

பொலிகாளையைத் தேடும் வேலை தொழுவத்தில் நிற்கும் பசுவிடமிருந்தே தொடங்க வேண்டும். முதுகு தொய்ந்திருக்கிறதா, மார்பு ஒடுங்கியிருக்கிறதா, பின்னங்கால்கள் வளைவின்றி விறைத்து நிற்கின்றனவா என்று பார்த்து, திருத்தியே ஆக வேண்டிய ஒன்றிரண்டு குறைகளைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் சரியாக அமைந்த காளையை நாட வேண்டும். விறைத்த காலுக்கு மாற்றாக மிகையாக வளைந்த காலுள்ள காளையைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவ்வாறு சேர்த்தால் கன்றின் கால் நடுவில் வந்து நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

விளம்பரப் படங்களை அளவோடு நம்புங்கள். முடியைச் சீவி, கொழுக்க வளர்த்து, சாதகமான கோணத்தில் நிறுத்திப் படமெடுத்தால் சுமாரான காளையும் அழகாகத் தெரியும். அதன் கன்றுகளைப் பாருங்கள், குறிப்பாகச் சாதாரணப் பசுக்களுக்குப் பிறந்தவற்றை. சிறந்த பசுக்களின் கன்றுகளை மட்டும் காட்டினால் அந்த அழகு யாரால் வந்தது என்று சொல்ல முடியாது. முதல் ஈற்றுக் கிடாரிக்கு எளிதில் கன்று ஈனவைக்கும் காளையே தேவை. பிறப்பு எடை கணிசமாக மரபுவழி வருவதால், காளையின் மரபு மதிப்பீட்டில் அந்த எண்ணையும் அதன் நம்பகத்தன்மையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மரபணுக் குறைபாடுகளில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஷார்ட்ஹார்ன், மெய்ன் ஆஞ்சு ஆகிய மாட்டினங்களின் வழிகளில் காணப்படும் டிஎச் (TH, டிபியல் ஹெமிமெலியா) குறைபாட்டில் பின்னங்கால் எலும்பு உருக்குலைந்து கன்று பிழைக்காமல் போகிறது. பிஎச்ஏ (PHA, நுரையீரல் வளர்ச்சிக் குறைவும் உடல் நீர்வீக்கமும்) குறைபாட்டில் நுரையீரல் வளராமல், நீர் கோத்து வீங்கிய கன்று ஈற்றின்போது தாயின் உயிருக்கும் ஆபத்தாகிறது. இவற்றுக்கான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் மாடுகள் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஒரே குறைபாட்டைச் சுமக்கும் இரண்டை இணைத்தால் ஒவ்வொரு கன்றும் பாதிக்கப்பட 4இல் 1 வாய்ப்பு உண்டு. முடியின் வேரைக் கொண்டே சோதித்துவிடலாம் என்பதால், சோதிக்காமல் இணைப்பதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

பிறந்த கன்றை முதல் வாரத்திலேயே தரம் பிரிக்க வேண்டாம். அப்போது எடையும், எழுந்து பால் குடிக்கும் சுறுசுறுப்பும் பதிவானால் போதும். இரண்டு மூன்று மாதங்களில் உடலமைப்பு ஓரளவு தெளிவாகும். கன்றைச் சமதளமான கெட்டித் தரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். புல்தரை குளம்புகளை மறைத்துவிடும். முன்கால் பதிந்த தடத்திலோ அதற்கு மிக அருகிலோ பின்கால் விழுகிறதா, தோள்பட்டை தடையின்றி அசைகிறதா, நடக்கும்போதும் முதுகு மட்டமாக இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டில் நின்று கவனித்த பிறகு, பின்னால் சென்று இடுப்பின் அகலத்தையும் குதிகால்கள் உள்நோக்கி நெருங்குகின்றனவா என்பதையும் காண வேண்டும். கொழுப்பும் முடியும் நாளடைவில் கூட்டக்கூடியவை. எலும்பின் கோணம் அப்படியேதான் இருக்கும்.

பால் மறக்கும் வேளையில் எடைகளை ஒப்பிடும்போது, அவற்றை 205 நாள் வயதுக்குச் சரிசெய்து, தாயின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முன்னதாகப் பிறந்த கன்றே எப்போதும் வெல்லும். காளைக் கன்றுகளில் மிகச் சிறந்தவற்றை மட்டும் பொலிக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைக் காயடித்துக் காட்சிக்கு வளர்க்கலாம். கிடாரிக் கன்றைத் தேரும்போது தாயின் மடியையும் காம்புகளையும் பாருங்கள். காளைக் கன்றுடன் இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மலடாகவே இருக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும், சோதித்து உறுதிசெய்யாமல் அதை இனவிருத்திக்கு ஒதுக்கக் கூடாது.