முதல் கப்பல் பயணம்: பால்கனி கேபின் எடுக்கும்போது கோட்டை விடும் இடங்கள்

குன்னூரில் லாம்ஸ் ராக் போகும் வழியில் எங்களுக்கு நாலு அறை உள்ள ஹோம்ஸ்டே இருக்கிறது. அதில் இரண்டு அறைக்கு ‘வேலி வியூ’ என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்குகிறோம். ஒன்றில் பள்ளத்தாக்கு மொத்தமாகத் தெரியும். இன்னொன்றின் முன்னால் எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்துவிட்டன, கிளைக்கு நடுவே எட்டிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே வாடகை. தொழிலே இதுதான் என்றாலும், முதல் கப்பல் பயணத்தில் நானே ஏமாந்தேன்.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நாலு இரவுப் பயணம். நான், மனைவி, அக்கா, அத்தான். கோவையில் ஒரு ஏஜென்ட் பால்கனி கேபின் பதிவு செய்து கொடுத்தார். கேபினுக்குள் போய்த் திரையை விலக்கினால், ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு ஒன்றின் கூரை. நின்று எக்கிப் பார்த்தால் கடல், நாற்காலியில் உட்கார்ந்தால் படகு. “ஏன்டா தம்பி, கடல் எங்கடா?” என்றாள் அக்கா. ரசீதைத் தேடி எடுத்தேன். ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’, அதாவது காட்சி மறைக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

ஆக, முதல் தவறு, பால்கனி என்ற சொல்லுக்குப் பணம் கட்டுவது. கேபின் எண் கைக்கு வந்த பிறகுதான் பேச்சே. கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் தருகின்றன, டெக் பிளான் என்பார்கள். உயிர்காப்புப் படகுகள் எந்தத் தளத்தின் ஓரமாகத் தொங்குகின்றன என்று அதில் தெரியும். அதற்கு நேர் மேலே இருக்கும் கேபின்களில்தான் இந்தத் தொல்லை. மறைப்பு உள்ள கேபின் விலை குறைவு என்பதும் உண்மை. காற்று வந்தால் போதும் என்பவர்கள் தெரிந்தே எடுக்கலாம். தெரியாமல் எடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதே வரைபடத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் கேபினுக்கு மேலே என்ன, கீழே என்ன? உச்சியில் இருப்பது நல்லது என்று நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுப்பவர்கள் நிறைய. விடியும் முன்பே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள், அந்தக் ‘கர்ர்ர்’ தலைக்கு மேலேயே கேட்கும். கீழே நாடக அரங்கமோ பாரோ இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்கள் இன்னும் சந்தேகத்துக்குரியவை. அது சமையலறையாக இருக்கலாம், ஊழியர் வழியாக இருக்கலாம், வண்டி உருளும் சத்தம் வரலாம். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று நடுவில் மாட்டிக்கொண்ட கேபின்தான் உத்தமம். பக்கத்துக் கேபினோடு இணைக்கும் கதவு உள்ளதும் வேண்டாம், அடுத்த வீட்டுச் சண்டை முழுக்கக் கேட்கும்.

அப்புறம் குமட்டல். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் கலங்காத வயிறு, கடலில் என்ன செய்துவிடும் என்று அத்தான் சொன்னார். இரண்டாம் நாள் மதியம் அவர் சாப்பிட வரவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவரைத்தான் அதிகம் தூக்கிப் போடும் இல்லையா, கப்பலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அலையில் முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. உயரம் கூடக் கூட பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நீளத்தில் நடு, உயரத்தில் கீழ்ப்பக்கம் என்று பார்த்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கப்பலின் பின்முனை பால்கனிக்கு மட்டும் நான் விதிவிலக்கு கொடுப்பேன். அங்கே எஞ்சின் அதிர்வு தெரியும்தான். ஆனால் கப்பல் கிழித்துப் போட்ட வெள்ளைக் கோடு கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடப்பதைப் பார்க்க அதுதான் இடம்.

எந்தப் பக்கம் நல்லது என்று கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும் விருந்தாளிகளும் என்னிடம் தினமும் கேட்கும் கேள்வி இது. 208 வளைவு உள்ள பாதையில் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல? கப்பலில் கொஞ்சம் கணக்குப் போடலாம். சென்னையிலிருந்து திருகோணமலைக்குப் போனால் கப்பல் தெற்கே போகிறது. கரை வலப்பக்கம், சூரிய உதயம் இடப்பக்கம். திரும்பி வரும்போது அப்படியே மாறிவிடும். அதனால் போய்த் திரும்பும் பயணத்தில் பக்கத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். ஒரு வழிப் பயணம் என்றால் மட்டும் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்.

எல்லாப் பால்கனியும் கடலைப் பார்க்கும் என்றும் எண்ண வேண்டாம். 2009-இல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் நடுவே ஒரு பூங்காவே இருக்கிறது. அதைப் பார்த்த பால்கனிகளும் உண்டு, கடல் தெரியாது. சில கப்பல்களில் பால்கனியின் முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் இரும்புத் தகடு. உட்கார்ந்தால் தகடுதான் தெரியும், குழந்தைகளுக்கு நின்றாலும் ஒன்றும் தெரியாது.

‘கேரண்டி’ என்று ஒரு மலிவு டிக்கெட் இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பால்கனி வகை உறுதி, எந்தக் கேபின் என்பது அவர்கள் இஷ்டம். மேலே சொன்ன அத்தனை ஆராய்ச்சியும் வீணாகும்.

ஏறிய பிறகு செய்யும் தவறுகள் வேறு. ஈரத் துண்டை பால்கனிக் கம்பியில் காயப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அங்கே கூடாது, காற்று கொண்டுபோய்விடும். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது கேபின் கதவைத் திறந்தால் காற்று அடிக்கும் வேகத்தில் கதவு அறைந்து விரல் நசுங்கும். சிகரெட் பேச்சே வேண்டாம். 2006 மார்ச்சில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பல் ஜமைக்கா அருகே போனபோது ஒரு பால்கனியில் பற்றிய தீ, பக்கத்துப் பால்கனிகளுக்கும் தாவியது. ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணையில் சொன்னார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது பால்கனியில் புகைக்க விடுவதில்லை.

கடைசியாக, பால்கனி வேண்டுமா என்பதையே யோசியுங்கள். விலை ஒரு ஆளுக்கு, அதுவும் இருவர் தங்கும் கணக்கில் போடுவார்கள். தினமும் ஒரு ஊரில் இறங்கும் குறுகிய பயணத்தில் அங்கே உட்கார நேரம் எங்கே? மதிய வெயிலில் சிங்கப்பூர்ப் பக்கம் பத்து நிமிடம் தாங்காது. முழு நாளும் கடலிலேயே போகும் நாட்கள் இரண்டு மூன்று இருந்தால் கொடுக்கும் காசு செரிக்கும்.

நாங்கள் முதல் நாளே வரவேற்பு மேசையில் கேபின் மாற்றிக் கேட்டோம். கப்பல் நிறைந்துவிட்டது என்றார்கள். அடுத்த நாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நாலு பேரும் டீ கப்போடு திறந்த மேல்தளத்துக்குப் போய்விட்டோம். அங்கே உட்காரக் காசு இல்லை.