வன்னியின் நினைவிடங்களுக்குப் போகுமுன்

வெளிநாட்டிலிருந்து இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குச் செல்லும்போது நினைவிடங்களைப் பார்க்கும் நாட்களையும் உறவினரின் அலுவல்களுக்கான நாட்களையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். நான் கடந்த மே மாதம் ஐந்து நாட்களுக்கு ஒழுங்கு செய்து போனேன். அவற்றில் இரண்டு நாட்கள் ஓர் அலுவலகத்தின் வாங்கிலேயே கழிந்தன.

ஏ9 வீதியால் வடக்கே வருபவர்கள் கிளிநொச்சி நகரில் காண்பது இராணுவம் எழுப்பிய போர் நினைவுச் சின்னம். பீரங்கிக் குண்டொன்று துளைத்த பெரிய சீமெந்துக் கனசதுரமும், அதன் உச்சியில் விரியும் தாமரையும் வீதியிலிருந்தே தெரியும். ஆனையிறவில் இலங்கைத் தீவை ஏந்திய கைகளாக இன்னொரு சின்னம் நிற்கிறது. 1991 யூலையில் விடுதலைப் புலிகள் அங்கிருந்த இராணுவ முகாமை நோக்கிச் செலுத்திய கவச புல்டோசரும், அதைத் தடுத்து உயிரிழந்த காமினி குலரத்ன என்ற படைவீரரின் நினைவிடமும் அப்பகுதியிலேயே உள்ளன. புதுக்குடியிருப்பில் நீர் நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரரின் சிலை இருக்கிறது. பார்க்க மனமில்லாதவர்கள் நிறுத்தாமலே போய்விடலாம். நான் என் மகளுக்காக நிறுத்தினேன். "எங்கட ஆக்களின்ர பெயர் எங்க எழுதியிருக்கு?" என்று அவள் கேட்டாள். காவலுக்கு நின்ற இளைஞன் போர் முடிந்த 2009 இல் சிறுவனாக இருந்திருப்பான். அவனோடு யாரும் வாதிட வேண்டியதில்லை. பிள்ளைகளின் கேள்விகளுக்கு வாகனத்தில் ஏறியபின் விடை சொல்லுங்கள்.

கொழும்பில் சுதந்திர மண்டபத்தைக் கண்ட பிள்ளைகளை ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவுக்கும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் இருந்த வெள்ளையரின் கோட்டையைக் கைப்பற்றிய வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்ரோபர் 31 அன்று பிரித்தானியப் படை அதிகாரி வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றது அங்கேதான். வென்றவர்கள் தங்கள் வெற்றியைக் குறிக்க நட்ட கல்லையே எங்கள் முன்னோர் தோற்றவருடைய நினைவாகப் போற்றினார்கள். சிறுவனாக இருந்தபோது பெரியப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிச் சென்று, அந்தக் கல்லில் வெட்டியிருந்த ஆங்கில எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். வெயிலில் கல் சுட்டது இன்றும் என் விரல்நுனியில் இருக்கிறது.

இனி அந்த இரண்டு நாட்கள். பெரியம்மா விசுவமடுவில் இருக்கிறார். நான் போய் இறங்கிய அன்றிரவே, "தம்பி, நாளைக்கு என்னோட ஒருக்காக் கந்தோருக்கு வா. வெளிநாட்டுப் பிள்ளை கதைச்சால் கேப்பினம்" என்றார். அவர் குடியிருக்கும் காணியின் அனுமதிப்பத்திரம் அவருடைய மகனின் பெயரில் இருக்கிறது. அவன் 2009 மே மாதத்தில் சனத்தோடு சனமாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தினரிடம் போனவன். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. முதல் நாள், பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் இடையே பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பதாகச் சொல்லி, விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கடிதம் வாங்கி வரும்படி திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தோடு வந்தபோது உரிய உத்தியோகத்தர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை எட்டரையிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை இருந்தோம். அழைத்தபின் அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ, கெதியா முடியும்" என்றார்.

2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறவும் வழி உண்டு. அதை அந்த உத்தியோகத்தர் சொல்லவில்லை. எனக்கும் அது அன்று தெரியாது. விமானத்துக்குப் பணம் கட்டுமுன் படித்திருக்க வேண்டும், நீங்கள் படித்துவிட்டுப் போங்கள். களைப்பிலும் கோபத்திலும் நான் சொன்னது இதுதான்: "எடுத்துவிடுவம் பெரியம்மா, அது வெறும் கடுதாசிதானே."

அவர் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த பொலித்தீன் பையைத் திறந்து, மேசையில் பரப்பியிருந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், 2010 இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கும் எழுதிக் கொடுத்தவற்றின் பிரதிகள், காணாமற்போனோர் அலுவலகத்தின் படிவம் எல்லாம் திகதி வரிசையில் இருந்தன. கடைசியாக மகனின் படத்தை, முகம் மடியாதபடி, இரண்டு கடதாசிகளுக்கு நடுவே செருகினார். 1998 இல் நான் வன்னியை விட்டு வெளியேறியபோது பெரியம்மாவின் இரண்டு காப்புகள் என் பயணச் செலவோடு போயின. அவற்றை நகைக்கடைக்குக் கொண்டுபோய் விற்றுவந்தவன் அவன்தான்.

ஆகவே உறவினர் அலுவலகத்துக்கு அழைத்தால் போங்கள், நாளைக் கணக்குப் பார்க்காதீர்கள், பொதுமக்களைச் சந்திக்கும் நாளை முன்னரே விசாரித்து வையுங்கள், அவர்கள் கேட்காத ஆலோசனையை அந்த மேசைக்கு முன்னால் வைத்துச் சொல்லாதீர்கள்.

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 அன்று, போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலுக்குப் பெரியம்மாவையும் கூட்டிச் செல்வதாக நானே முடிவு செய்திருந்தேன். "நான் வரமாட்டன் தம்பி. விளக்குக் கொளுத்தினால் அவன் செத்துப்போனான் எண்டு நானே சொன்ன மாதிரி" என்றார். தேடிக்கொண்டிருப்பவர்களை அஞ்சலிக்கு அழைக்குமுன் அவர்களுடைய மனத்தை அறிந்துகொள்ளுங்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமற்போனவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் பெரியம்மாவும் இருந்திருக்கிறார். அங்கே போக அவருக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை.

முள்ளிவாய்க்காலில் வெயில் கடுமை. செருப்பைக் கழற்றினால் மணல் காலைச் சுடும், ஆனாலும் கழற்றுங்கள். 2021 மே மாதத்தில் அந்த நினைவுத் தூபியை இரவோடிரவாக உடைத்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நவம்பர் 27, மாவீரர் நாளில் போகிறவர்கள், இறந்த போராளிகளை அடக்கம் செய்த துயிலுமில்லத்துக்கு மாலை நான்கு மணிக்கே போய்விட வேண்டும், 6.05 க்கு மணி ஒலிக்கும், 6.07 க்குச் சுடர் ஏற்றப்படும். நீதிமன்றத் தடையுத்தரவு ஏதும் இருக்கிறதா என்று முதல்நாளே கேட்டறியுங்கள். அங்கே எடுத்த படங்களை ஊரில் இருக்கும்போதே வெளியிட வேண்டாம், வெளியிட்டாலும் உறவினரின் முகம் அதில் இருக்கக் கூடாது. நாங்கள் விமானம் ஏறிவிடுவோம். விசாரிக்க வருகிறவர்கள் அவர்களுடைய படலையைத்தான் தட்டுவார்கள்.

போரின் கடைசி நாட்களில் சனம் குடித்ததன் நினைவாக மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் கொடுத்த கஞ்சியில் கொஞ்சத்தைப் போத்தலில் வாங்கி வந்தேன். பெரியம்மா வேண்டாம் என்பார் என்று நினைத்து அதைக் குசினியில் வைத்தேன். அவரே எடுத்துச் சிரட்டையில் ஊற்றி, என் மகளுக்குப் பாதி கொடுத்து, மீதியைக் குடித்தார்.

"இது அவனும் குடிச்ச கஞ்சி பிள்ளை" என்று அவளிடம் சொன்னார். "அண்டைக்கு இதுக்குப் போட உப்பும் இல்லை."